மூன்றாம் நாள் பால்

எங்கள் தெருவில் யார் இறந்தாலும் ஸ்ரீரங்கனைக் கூப்பிடுவார்கள். அவர் வந்தவுடன் பாடமாட்டார். முதலில் கேட்பார்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, இறந்தவரின் கால்மாட்டில் ஒரு நிமிடம் நிற்பார். அந்த வீட்டில் அழுது ஓய்ந்தவர் யார் என்று பார்த்து, அவர் பக்கத்தில் போய்த் தரையில் உட்காருவார். வீட்டில் இவரை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்? கையால் என்ன வேலை செய்தார்? கடைசியாக என்ன சாப்பிட்டார்? கடைசியாக யாரிடம் என்ன சொன்னார்? இந்த நான்கும் தெரிந்த பிறகுதான் காலி பெயிண்ட் பக்கெட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வார். இருபது லிட்டர் பக்கெட். அவருக்கு வேறு வாத்தியம் கிடையாது.

கானா என்றால் கல்யாண மேடையில் ஆடுவதற்கான பாட்டு என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். குடித்துவிட்டுக் கத்துவது என்று நினைப்பவர்களும் உண்டு. சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டியிருக்கும் எங்கள் பக்கத்தில் அது முதலில் சாவுக்குப் பாடுவது. போகிறவர் யார் என்று கடைசியாக ஒரு தடவை எல்லோருக்கும் சொல்வது. இதைச் சரியாகப் புரியவைக்க வேண்டும் என்றுதான் ஸ்ரீரங்கனைப் பற்றி எழுதுகிறேன். நான் நேரில் பார்க்காத இடங்களை அவரும் அவர் மனைவி ஜோதிலட்சுமியும் சொன்னார்கள். "எழுது. ஆனா கேட்டுட்டு எழுது" என்றுதான் அவர் அனுமதி கொடுத்தார்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த நல்லசிவம் இறந்தபோது, அவர் கடைசியாகச் சொன்னதைச் சொல்ல அவர் மனைவி வெட்கப்பட்டார். ஸ்ரீரங்கன் காத்திருந்தார். "கரிய அணைச்சிட்டியான்னு கேட்டாரு" என்றார் அந்த அம்மா. அதையே பல்லவியாக்கி ஸ்ரீரங்கன் பாடினார். ஊர்ச் சட்டைக்கெல்லாம் மடிப்பு வைத்தவர், போகும்போதும் நெருப்பு யாரையும் சுடக்கூடாது என்று பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று அவர் பாடியபோது, அந்த அம்மாவே சிரித்துவிட்டார். இறந்த மனிதர் வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

ஸ்ரீரங்கனுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. வைகுண்ட ஏகாதசி அன்று பிறந்ததால் அந்தப் பெயர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பதினைந்து வயதில் பெயிண்ட் அடிக்கப் போனார். அடையாறிலும் மயிலாப்பூரிலும் அவர் அடிக்காத தெரு இல்லை. பஸ்ஸில் போகும்போது ஒரு வீட்டைக் காட்டி, உள்ளே ஹாலுக்கு என்ன நிறம், எந்தச் சுவரில் ஓதம் ஏறும் என்று சொல்வார். ஜோதிலட்சுமி தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறார். வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை மறுபடி மடித்து வைக்கும் வேலை. கடையில் ஒரு நாளைக்கு ஐந்நூறு புடவை மடிப்பதால் வீட்டில் துணி மடிக்கமாட்டேன் என்பார். வீட்டில் துணி மடிப்பது ஸ்ரீரங்கன்தான்.

அவர்களுக்கு ஒரே மகன், சாய்சரண். அப்பாவை நைனா என்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். செல்லமாகப் பையனையும் நைனா என்பார்கள். அந்த வீட்டில் அப்பா மகனை நைனா என்பார், மகன் அப்பாவை நைனா என்பான். இருவருடைய போனிலும் மற்றவர் பெயர் நைனா என்றுதான் இருக்கும்.

பத்தொன்பது வயதில் சாய்சரண் பாலிடெக்னிக்கை விட்டுவிட்டுச் சொல்லாமல் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்தான். ஸ்ரீரங்கனுக்கு அது ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன், ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில், இனிமேல் என்னிடம் பேசாதே என்று அவனிடம் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். மதியம் ஒன்று பத்துக்கு அடையாறில் ஒரு வீட்டின் மூன்றாம் மாடி உயரத்தில், சாரத்தின் மேல் நின்று சுண்ணாம்பு சுரண்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். நைனா என்று இருந்தது. கோபத்தில் அப்படியே பையில் போட்டுவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து வேறொரு எண்ணிலிருந்து கூப்பிட்டார்கள். மழையில் நனைந்த ரோட்டில் வண்டி சறுக்கியிருந்தது.

எல்லார் வீட்டுக்கும் போய்ப் பாடியவர் தன் வீட்டில் பாடவில்லை. மற்ற கானாக்காரர்கள் வந்தார்கள். ஆனால் ஸ்ரீரங்கனிடம் போய் உட்கார்ந்து கேள்வி கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை. தெரிந்த பையன்தானே என்று பொதுவாக ஏதோ பாடிவிட்டுப் போனார்கள். புதைக்கவும் ஸ்ரீரங்கன் போகவில்லை, மூன்றாம் நாள் பால் ஊற்றவும் போகவில்லை. எங்கள் வழக்கத்தில், புதைத்த இடத்துக்கு மூன்றாம் நாள் போய்ப் பால் ஊற்றிவிட்டு வர வேண்டும். நான் போகிறேன் என்று ஜோதிலட்சுமி கிளம்பினார். பொம்பளைங்க அங்கெல்லாம் வரக்கூடாது என்று உறவுக்காரர்கள் தடுத்துவிட்டார்கள். கடைசியில் ஜோதிலட்சுமியின் தம்பி ஊற்றிவிட்டு வந்தார்.

அந்த ஒன்று பத்து போனைப் பற்றி ஸ்ரீரங்கன் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் பாடவும் இல்லை. சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தால், தொண்டை சரியில்லை என்பார். பக்கெட் பரணுக்குப் போய்விட்டது.

இந்த வருடம், ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்தோலை ஞாயிற்றுக்குச் சில நாள் முன்பு எங்கள் பக்கத்து மாதா கோயிலில் ஒரு பேச்சு வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை மாலை, இறந்த இயேசுவின் சொரூபத்தைப் பெட்டியில் கிடத்தி, தோளில் சுமந்து தெருத்தெருவாகக் கொண்டுவருவார்கள். எங்கள் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் கொஞ்ச நேரம் இறக்கி வைப்பார்கள். இந்துக்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் வந்து பூப் போடுவார்கள். பக்கத்துச் சந்து மெஹபூப் அலி பாய் கடை வாசலில் தண்ணீர்ப் பானை வைப்பார். இட்லிக் கடை சகாயமேரிதான் அந்தப் பேச்சை ஆரம்பித்தார். எங்கள் தெருவில் எந்தச் சாவு என்றாலும் கானா உண்டு, இவரை மட்டும் ஏன் சும்மா அனுப்புகிறோம் என்று, கோயில் காரியங்களைப் பேசி முடிவு செய்யும் பங்குப் பேரவைக் கூட்டத்தில் கேட்டார்.

பேரவைச் செயலாளர் ஸ்தனிஸ்லாஸ் சார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பெரிய வெள்ளியன்று கோயில் மணியே அடிக்கக்கூடாது, வாத்தியம் கூடாது, அதில் கானாவா என்றார். வாத்தியம் இல்லை சார், பெயிண்ட் டப்பாதான் என்று சகாயமேரி சொன்னதும் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். பங்குத்தந்தை லூர்துராஜ் வயதில் சின்னவர். தெருவில் நிற்கும் நேரத்தில் தெரு வழக்கப்படி செய்யலாம், கோயிலுக்குள் வேண்டாம் என்று முடித்தார். பாடுகிறவர் சம்மதிக்கட்டும் பார்க்கலாம் என்று ஸ்தனிஸ்லாஸ் சார் சொன்னார். ஸ்ரீரங்கன் பாடுவதை நிறுத்தியது அவருக்கும் தெரியும்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள், காலை வியாபாரம் முடிந்ததும், சகாயமேரி ஸ்ரீரங்கனைக் கடைக்குக் கூப்பிட்டார். சாய்சரண் இறந்தபின் பதினாறு நாளும் அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர் சகாயமேரி. அதனால் அவர் கூப்பிட்டால் ஸ்ரீரங்கனால் வராமல் இருக்க முடியாது.

"நீ பாட வேணாம் ரங்கா. வந்து கேளு. கேக்கறதுக்கு இன்னா?" என்றார் சகாயமேரி.

ஸ்ரீரங்கன் பெஞ்சில் உட்கார்ந்தார். டீ வந்தது. பிறகு பழக்கம் அவரை இழுத்தது.

"சரி சொல்லு. வூட்ல இன்னான்னு கூப்டுவாங்க?"

சகாயமேரி நாற்பது வருடமாகக் கோயிலுக்குப் போகிறவர். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஆண்டவர், ரட்சகர் என்று சொல்லிப் பார்த்தார். அதெல்லாம் வெளி ஆட்கள் கூப்பிடுவது, அம்மா எப்படிக் கூப்பிட்டார் என்று ஸ்ரீரங்கன் கேட்டார். பன்னிரண்டு வயதில் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை காணாமல் போய், மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்தபோது அம்மா மகனே என்று கூப்பிட்டதாகச் சகாயமேரிக்கு நினைவு வந்தது. ஏண்டா இப்படிப் பண்ணினாய் என்றும் திட்டியிருக்கிறார். ஸ்ரீரங்கன் தலையசைத்தார். அது போதும் என்றார்.

என்ன வேலை என்று கேட்டதற்குத் தச்சு வேலை என்று பதில் வந்தது.

"மர வேல செஞ்ச ஆள மரத்துலயே வெச்சு அடிச்சாங்களா?"

"ஆமா ரங்கா. நான் அப்டி நெனச்சே பாத்தது இல்ல."

அதன்பிறகு சகாயமேரியே சொல்லிக்கொண்டு போனார். வியாழக்கிழமை நண்பர்களைக் கூட்டி உட்காரவைத்து ஒரு சாப்பாடு. சாப்பிடுவதற்கு முன் ஒவ்வொருவர் காலையும் அவரே கழுவிவிட்டார். அப்பமும் திராட்சை ரசமும். ரசம் என்றால் சரக்கு இல்லை என்று சகாயமேரி முந்திக்கொண்டு சொன்னார். நான் கேட்கவே இல்லையே என்றார் ஸ்ரீரங்கன். இரவில் ஒரு தோட்டத்துக்குப் போய், இது வேண்டாமே அப்பா என்று மண்ணில் விழுந்து கேட்டிருக்கிறார். கூட வந்தவர்கள் தூங்கிவிட்டார்கள். உடன் சாப்பிட்டவனே முத்தம் கொடுத்து ஆளைக் காட்டிக்கொடுத்தான். உயிரைக் கொடுப்பேன் என்று சவால் விட்ட இன்னொருவன், விடிவதற்குள் மூன்று தடவை, இவரை யார் என்றே தெரியாது என்றான். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள்.

"தெருவுக்கு நாலு பேரு அப்டி கீறானுங்க" என்றார் ஸ்ரீரங்கன்.

தப்பு எதுவும் இல்லை என்று தெரிந்தே, விசாரித்த ஆளுநர் கையைக் கழுவிக்கொண்டார். அடித்தார்கள், முள்ளில் கிரீடம் வைத்துக் கேலி செய்தார்கள். மரத்தைத் தூக்கமுடியாமல் விழுந்தபோது, வயலிலிருந்து வந்துகொண்டிருந்த யாரோ வெளியூர்க்காரரைப் பிடித்துச் சுமக்கவைத்தார்கள். மலைமேல் ஆணியடித்து நிறுத்தினார்கள். அம்மா கீழேயே நின்றார். இதையெல்லாம் சொல்லச்சொல்ல ஸ்ரீரங்கனின் விரல்கள் பெஞ்சில் மெதுவாகத் தட்ட ஆரம்பித்ததைச் சகாயமேரி பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியாக வாய்க்குள் என்ன போனது என்று ஸ்ரீரங்கன் கேட்டார். தாகமாக இருக்கிறது என்று சொன்னார், புளித்த காடியில் பஞ்சை நனைத்து நீட்டினார்கள் என்றார் சகாயமேரி.

"ஒரு சொட்டுப் பால் ஊத்த ஆளு இல்லையா?"

"இல்ல."

"கடைசியா யார்கிட்ட பேசினாரு?"

அடித்தவர்களை மன்னிக்கச் சொன்னது, அம்மாவை நண்பனிடம் ஒப்படைத்தது என்று ஒவ்வொன்றாகச் சகாயமேரி சொன்னார். அப்புறம் மூன்று மணிக்கு ஒரு சத்தம் போட்டார் என்றார். கடவுளே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று.

"கடவுள்னா இவரோட அப்பா தானே?" என்று ஸ்ரீரங்கன் கேட்டார்.

"ஆமா."

"அப்பா இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

பெஞ்சில் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. ஸ்ரீரங்கன் எழுந்து, குடிக்காத டீயை ஓரமாக வைத்தார். "என்னால முடியாதுக்கா. வேற யாரையாச்சும் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்துபோனார்.

சகாயமேரிக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் சாயங்காலம் தண்ணீர் லாரியில் குடம் வைக்கும்போது ஜோதிலட்சுமியிடம் நடந்ததை அப்படியே சொன்னார். ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டார். ஜோதிலட்சுமி குடத்தை நகர்த்தாமல் நின்றார். பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

"அப்புறம் அந்த அப்பா இன்னாதான் பண்ணாராம்?" என்று கேட்டார் ஜோதிலட்சுமி.

"மூணாம் நாள் எழுப்பிட்டாரு. பொம்பளைங்கதான் மொதல்ல போய்ப் பாத்தாங்க. ஞாயித்துக்கெழம, விடிஞ்சும் விடியாம."

"பால் ஊத்தவா?"

சகாயமேரிக்குச் சிரிப்பு வந்தது. பால் இல்லை, உடம்புக்குப் பூச வாசனைத் தைலம் எடுத்துப் போனார்கள் என்று திருத்தினார். ஆனால் ஜோதிலட்சுமிக்கு அது பாலாகத்தான் மனதில் நின்றது. மூன்றாம் நாள் புதைத்த இடத்துக்குப் பெண்கள் போயிருக்கிறார்கள். யாரும் தடுக்கவில்லை. போன இடத்தில் கல் புரண்டிருந்தது, ஆள் இல்லை. எழுந்துவிட்டார் என்ற செய்தியை முதலில் கேட்டவர்களும் அவர்கள்தான். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்ததாக அவர் என்னிடம் சொன்னார்.

வீட்டில் ஸ்ரீரங்கன் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஜோதிலட்சுமி குடத்தை இறக்கிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அப்பா பதில் பேசவில்லை என்று கேட்டதும் ஏன் எழுந்து வந்தாய் என்று நேராகக் கேட்டார். ஸ்ரீரங்கன் ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். பிறகு சொல்லிவிட்டார். ஒன்று பத்துக்குப் போன் வந்தது, சாரத்தின் மேல் நின்றிருந்தேன், பெயரைப் பார்த்தேன், எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பேசிக்கொண்டு ஓரமாக நின்றிருப்பான், அந்த இடத்துக்கு அந்த நேரத்தில் போயிருக்கமாட்டான். இரண்டு வருடமாக வைத்திருந்ததை நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

ஜோதிலட்சுமி அழவில்லை. எனக்குத் தெரியும் என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நீ எடுக்கலன்னதும் எனக்குத்தான் பண்ணான். கடையில சோறு துன்னுகினு இருந்தேன்."

"இன்னா சொன்னான்?"

"நைனா மேல நிக்கிறாரு போலக் கீது, அதான் எடுக்கல. எறங்குனதும் பேசுவாருன்னான். சாயந்தரம் கறி வாங்கியாரேன், நைனாவுக்கு நல்லி எலும்பா பாத்து வாங்கியாரேன்னான். சிரிச்சுகினேதான் பேசினான் மாமா."

இதை ஏன் சொல்லவில்லை என்று ஸ்ரீரங்கன் கேட்டார். நீ கேட்கவே இல்லையே என்றார் ஜோதிலட்சுமி. போன் என்று யாராவது சொன்னாலே நீ எழுந்து போய்விடுவாய், அதனால் சொல்லப் பயந்தேன் என்றார். யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, உன் பையன் கடைசியாக யாரிடம் என்ன சொன்னான் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்றார். அந்தத் தெருவில் அதைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் அன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஸ்ரீரங்கன் அப்போதுதான் அழுதார். மடித்து வைத்த துணிமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். ஜோதிலட்சுமி அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்து, மிச்சத் துணியை மடித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, அந்த அப்பா மூன்றாம் நாள் மகனைக் கூப்பிட்டு எழுப்பினாராம் என்று ஜோதிலட்சுமி சொன்னார். ஸ்ரீரங்கன் நிமிர்ந்தார்.

"எனக்கு ரெண்டு வருசம் ஆயிடுச்சே."

"ஆவட்டும். கூப்புடு. உனக்குத்தான் போன் இல்லாமயே கூப்டத் தெரியுமே."

புதன்கிழமை காலையில் பரணிலிருந்து பக்கெட் இறங்கியது.

பெரிய வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குச் சொரூபம் எங்கள் தெருவுக்கு வந்தது. மணி இல்லை, பேண்டு இல்லை. மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு ஒருவர் முன்னால் வந்தார். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் பெட்டியை இறக்கி வைத்தார்கள். வெயில் இன்னும் தணியவில்லை. ஸ்ரீரங்கன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, எந்தச் சாவு வீட்டிலும் செய்வதுபோல், கால்மாட்டில் ஒரு நிமிடம் நின்றார். ஆணி அடித்த இடத்தைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து பக்கெட்டைக் கவிழ்த்தார்.

குரல் முதலில் கரகரத்தது. இரண்டாவது அடியில் வந்துவிட்டது.

மரத்த இழச்ச கையி ரெண்டும்
மரத்து மேல தொங்குது
மழயக் குடுத்த சாமி தொண்ட
சொட்டுத் தண்ணிக்கு ஏங்குது

காலைக் கழுவியதையும், காட்டிக்கொடுத்தவனையும், தெரியாது என்றவனையும் பாடினார். தெரியாது என்றவனைப் பாடும்போது கூட்டத்தில் இரண்டு மூன்று பேரைப் பார்த்துப் பாடினார். அவர்கள் நெளிந்தார்கள், மற்றவர்கள் சிரித்தார்கள். காணாமல் போய்க் கிடைத்த பிள்ளையை அம்மா திட்டியதைப் பாடினார். கானாவில் ஒவ்வொரு சொந்தக்காரர் குரலிலும் ஓர் அடி வரும். அம்மாவின் அடி முடிந்ததும் பக்கெட்டில் தாளம் மாறியது. அடுத்தது அப்பாவின் அடி.

நைனான்னு நீ கூப்ட கொரலு
வானத்த வந்து தட்டுச்சு
பதிலு சொல்ல வாயத் தொறந்தேன்
பாழும் தொண்ட கட்டுச்சு

சகாயமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அப்பா ஏன் பேசவில்லை என்று நாற்பது வருடத்தில் தான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்று பிறகு சொன்னார். தெருவில் எல்லோருக்கும் அந்த நைனா யார் என்று தெரிந்தது. இரண்டு நைனாவும் தெரிந்தார்கள்.

சாவு கானாவின் கடைசி அடி எப்போதும் வழியனுப்புவதாக இருக்கும். போய் வா என்று முடிய வேண்டும். ஸ்ரீரங்கன் அப்படி முடிக்கவில்லை.

மேல நிக்கிற நைனா இப்போ
கீழ எறங்கி வருவாரு
மூணாம் நாளு காலயிலே
பேரச் சொல்லி எழுப்புவாரு

பெட்டியை மறுபடி தோளில் ஏற்றினார்கள். ஸ்தனிஸ்லாஸ் சார் ஃபாதரின் பக்கத்தில் நடந்துகொண்டே, கடவுளை நைனா என்று சொல்லலாமா என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது. ஃபாதர் லூர்துராஜ், தோட்டத்தில் இயேசு அப்பா என்று கூப்பிட்டதும் அவர்கள் வீட்டுப் பேச்சில்தான் என்றார். வீட்டில் பிள்ளைகள் அப்பாவைக் கூப்பிடுகிற சொல்தான் அது, அவர் சைதாப்பேட்டையில் பிறந்திருந்தால் நைனா என்றுதான் கூப்பிட்டிருப்பார். தெருமுனையில் திரும்பும்போது, அந்தக் கடைசி அடியை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்றார் ஸ்தனிஸ்லாஸ் சார். ஸ்ரீரங்கன் எதையும் எழுதிவைப்பதில்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஜோதிலட்சுமி பால் பாக்கெட் வாங்க வந்தார். குளித்து, கடைக்குப் போகும்போது கட்டும் புடவையைக் கட்டியிருந்தார். கோயிலில் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எங்கே இவ்வளவு காலையில் என்று பால்காரர் கேட்டார். மூன்றாம் நாள் பால் என்றார் ஜோதிலட்சுமி. யாருக்கு என்று அவர் கேட்பதற்குள் ஸ்ரீரங்கன் வந்துவிட்டார். இருவரும் ஆற்றோரமாக நடந்தார்கள்.

இடுகாட்டில் சாய்சரணை வைத்த இடம் ஸ்ரீரங்கனுக்குத் தெரியாது. அவர் வந்ததே இல்லை. ஜோதிலட்சுமிக்கும் தெரியாது. வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தவர்தான், சுவரோரம் இரண்டாவது வரிசை, வேப்பங்கன்று முளைத்திருக்கிறதே அது என்று காட்டினார். பொம்பளைங்க வரக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. வாளியில் தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

கன்று முழங்கால் உயரம் இருந்தது. ஸ்ரீரங்கன் செருப்பைக் கழற்றிவிட்டு, கால்மாடு எது என்று பார்த்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு ஜோதிலட்சுமியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எந்த வீட்டிலும் கேட்பதுபோலவே கேட்டார். வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள்? நைனா என்றார் ஜோதிலட்சுமி. என்ன வேலை? சூடு ஆறுவதற்குள் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்றார். அந்த வேலையைப் பற்றி ஸ்ரீரங்கன் கோபம் இல்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசியாகச் சாப்பிட்டது இரண்டு தோசை, அதுவும் நின்றுகொண்டே.

"கடைசியா யார்கிட்ட, இன்னா சொன்னான்?"

"எங்கிட்ட. நைனா எறங்குனதும் பேசுவாருன்னான்."

ஜோதிலட்சுமி பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துப் பிரித்து, கன்றின் அடியில் பாலை ஊற்றினார். மண் உடனே குடித்துவிட்டது. ஸ்ரீரங்கன் அந்த ஈரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எறங்கிட்டேன் நைனா" என்றார்.

பிறகு தொடையில் தாளம் தட்டிப் பாட ஆரம்பித்தார்.